தண்ணீர் ஊற்ற ஊற்ற வாடும் தொட்டிச் செடி

தெம்பனிசில் எங்கள் புளோக்கின் ஆறாம் மாடித் தாழ்வாரத்தில் ஒரு கறிவேப்பிலை மரம் இருக்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன் தேக்காவில் சிறு கன்றாக வாங்கி வந்தது. இன்று ஆள் உயரம். வளர்த்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி. அந்த மாடியில் பாதி வீடுகளின் ரசமும் சட்னியும் அந்த மரத்தை நம்பித்தான். மீன் குழம்பு வைக்கும் நாளில் மலாய் அண்டைவீட்டாரும் வந்து இரண்டு கொத்து கேட்டு வாங்கிப் போவார்கள்.

சென்ற ஆண்டு அந்த மரம் வாடத் தொடங்கியது. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. நுனிக் கொழுந்து தலை தொங்கியது. “ஏம்மா டீச்சர், ஒரு நாளும் தண்ணி ஊத்தாம விட்டதில்லையே. அரிசி கழுவின தண்ணி, முட்டை ஓடு, கடையில வாங்கின உரம், எல்லாம் போட்டாச்சு. ஏன் இப்படி ஆயிடுச்சு?” என்று கேட்டார்.

தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மேல்மண் பாறைபோல் இறுகியிருந்தது. அதைக் குத்திக் கிளறினால் கீழே சேறு. முகர்ந்தால் சாக்கடை நாற்றம். மரத்துக்கு எல்லாம் கிடைத்திருந்தது. ஒன்றே ஒன்று கிடைக்கவில்லை: காற்று.

கழக வீடுகளின் தாழ்வாரங்களில் தொட்டிச் செடி வளர்க்கும் பலரும் இதே சிக்கலைச் சந்தித்திருப்பார்கள். செடி வாடினால் தண்ணீர் ஊற்றுவோம். மேலும் வாடினால் மேலும் ஊற்றுவோம். இந்தத் தவறு எங்கே தொடங்குகிறது, தொட்டி மாற்றுவது அதை எப்படிச் சரிசெய்கிறது என்று பார்ப்போம்.

வேரும் மூச்சு விடும்

இலை ஒளிச்சேர்க்கை செய்து உணவு தயாரிக்கிறது என்பதைத் தொடக்கப்பள்ளியிலேயே படிக்கிறோம். அந்த உணவை எரித்துச் சக்தியாக்க உயிர்வாயு தேவை என்பதும் தெரியும். ஆனால் வேர் மண்ணுக்குள் மறைந்திருப்பதால் அதுவும் சுவாசிக்கிறது என்பது நமக்கு மறந்துவிடுகிறது. வேர் இரவும் பகலும் மண்ணின் துளைகளில் உள்ள காற்றிலிருந்து உயிர்வாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அந்தச் சக்தியைக் கொண்டுதான் அது தாது உப்புகளை உள்ளே இழுக்கிறது, புது வேர்களை விடுகிறது.

மண்ணின் துளைகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் உயிர்வாயு சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மண்ணில் மீந்திருக்கும் உயிர்வாயுவை வேரும் நுண்ணுயிரிகளும் விரைவில் தீர்த்துவிடும். புதிதாக உள்ளே வர வழியில்லை.

நம் பருவநிலை இதை இன்னும் கடுமையாக்குகிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராம்தான். அதேநேரம் வெப்பம் கூடக் கூட வேரின் சுவாச வேகமும் கூடுகிறது. தேவை கூடும்போது இருப்பு குறைகிறது. குளிர்நாட்டுத் தோட்டக்கலை நூல்களில் சொல்லும் தண்ணீர் அளவை இங்கே அப்படியே பின்பற்ற முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால், தண்ணீரில் மிதக்கும் செடி ஏன் தண்ணீர் இல்லாததுபோல் வாடுகிறது? வேர்ச் செல்களின் சவ்வில் தண்ணீர் நுழைவதற்கென்று நுண்ணிய புரத வாயில்கள் உள்ளன. உயிர்வாயு குறைந்தால் அவை மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் வேரால் குடிக்க முடிவதில்லை. இலையோ வெயிலில் நீரை இழந்துகொண்டே இருக்கிறது. எனவே செடி வாடுகிறது. நாம் அதைத் தாகம் என்று எண்ணி இன்னொரு வாளி ஊற்றுகிறோம். மூச்சுத் திணறும் ஒருவருக்குத் தண்ணீர் புகட்டுவது போன்ற செயல் அது.

வாடிய செடியைக் கண்டதும் வாளியைத் தேடாமல் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால், கோளாறு வேரில்.

ஸ்பாஞ்ச் சொல்லும் பாடம்

“தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதே, தண்ணீர் வடிந்துவிடாதா?” என்று கேட்கலாம். வடியும், ஆனால் முழுவதும் வடியாது. இதை வகுப்பில் ஒரு ஸ்பாஞ்சைக் கொண்டு காட்டுவேன். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

பாத்திரம் கழுவும் புது ஸ்பாஞ்ச் ஒன்றைத் தண்ணீரில் நன்றாக ஊறவையுங்கள். அதைப் பிழியாமல், படுக்கை வாட்டில் உள்ளங்கையில் ஏந்திப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். இப்போது அதே ஸ்பாஞ்சை நீளவாட்டில் செங்குத்தாக நிறுத்துங்கள். நின்றுபோன சொட்டு மீண்டும் தொடங்கும்.

ஸ்பாஞ்சின் நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் சொட்டுவது நிற்கிறது. அப்போதும் அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் நிறைந்தே இருக்கும். அந்த உயரத்தை முடிவு செய்வது துளைகளின் அளவு. ஸ்பாஞ்ச் நெட்டையாக நின்றால் அதற்கு மேலே காற்றுக்கு அதிக இடம். படுத்திருந்தால் ஏறத்தாழ முழுதும் ஈரம்.

தொட்டி மண்ணும் இப்படித்தான். ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகும் அடியில் ஒரு சேற்றுப் படலம் மிஞ்சுகிறது. மண் துகள் நைசாக இருந்தால் அந்தப் படலம் உயரும். கரடாக இருந்தால் தாழும். ஆழமற்ற அகலத் தொட்டியில் பாதிக்கு மேல் அந்தப் படலமே அடைத்துக்கொள்ளும்.

அடியில் கூழாங்கல் அல்லது ஓட்டுத் துண்டு போட்டால் நன்றாக வடியும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. உண்மையில் நைசான மண்ணிலிருந்து கரடான கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்குவதில்லை. மேலே உள்ள மண் முழுவதும் நிறைந்து வழியும்போதுதான் இறங்கும். எனவே கல் போட்டால் சேற்றுப் படலம் மறைவதில்லை. கல்லின் உயரத்துக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடுகிறது. மண் வெளியேறாமல் இருக்க ஓட்டையின் மேல் ஒரு துண்டு வலை போட்டால் போதும்.

மண்ணும் மூப்படையும்

புதிதாக நட்டபோது செழித்த செடி இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏன் தளர்கிறது? தொட்டிக்குள் மூன்று மாற்றங்கள் மெல்ல மெல்ல நடக்கின்றன.

முதலாவது, மண் மட்கிப்போகிறது. கடையில் வாங்கும் கலவையில் பெரும்பகுதி மக்கு உரமும் தென்னை நார்த்தூளும்தான். நுண்ணுயிரிகள் அவற்றை உண்டு உண்டு பொடியாக்குகின்றன. நம் வெப்பத்தில் இது வேகமாக நடக்கும். தொட்டி விளிம்புவரை நிரப்பிய மண் நான்கு விரல் இறங்கிவிட்டதைப் பார்த்திருப்பீர்கள். துகள்கள் பொடியாகப் பொடியாகத் துளைகள் சுருங்கும், சேற்றுப் படலம் உயரும். பாட்டி எட்டு ஆண்டுகளாக ஒரே அளவு தண்ணீர்தான் ஊற்றிவந்தார். மாறியது மண்.

இரண்டாவது, வேர் சுற்றிக்கொள்கிறது. நிலத்தில் உள்ள மரத்தின் வேர் போகும் தூரம் போகும். தொட்டியில் சுவரில் முட்டிய வேர் திரும்பி, சுவரை ஒட்டியே வட்டமடிக்கும். நாளடைவில் மண்ணைவிட வேரே அதிகமாகி, தொட்டியின் வடிவத்திலேயே ஒரு வேர்க்கட்டு உருவாகும். அதில் தண்ணீர் தங்க இடமில்லை. காற்று நுழையவும் வழியில்லை. மர வகைகளில் இந்த வட்ட வேர் தடித்து, அடித்தண்டையே கயிறுபோல் இறுக்கிவிடுவதும் உண்டு.

மூன்றாவது, உப்பு சேர்கிறது. ஒவ்வொரு முறை உரமிடும்போதும் செடி எடுத்துக்கொள்ளாத உப்புகள் மண்ணில் தங்குகின்றன. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுதான். மண்ணில் உப்புச் செறிவு கூடினால் வேர் நீரை உள்ளிழுப்பது கடினமாகிறது. இலை நுனிகள் தீய்ந்ததுபோல் பழுப்பாகும். வாடிய செடிக்கு உரம் போடுவது பெரும்பாலும் கேடாக முடிவது இதனால்தான்.

தொட்டி மாற்றுவது என்பது இந்த மூன்றையும் ஒரே நாளில் சரிசெய்வது: பழைய மண்ணை நீக்குதல், வேரை ஒழுங்குபடுத்துதல், காற்றுக்கு மீண்டும் இடம் தருதல். புதுத் தொட்டி வாங்குவது அதில் ஒரு பகுதி மட்டுமே. பல நேரங்களில் பழைய தொட்டியிலேயே மீண்டும் நடலாம்.

பெரிய தொட்டி நல்லதுதானே?

தொட்டியின் அளவு செடியின் வளர்ச்சியை எவ்வளவு பாதிக்கிறது என்பதை ஹென்ட்ரிக் பூர்ட்டர் தலைமையிலான ஆய்வாளர்கள் 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012ல் வெளியிட்டனர். தொட்டியின் கொள்ளளவு இரு மடங்கானால் செடியின் எடை சராசரியாக 43 விழுக்காடு கூடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. சிறிய தொட்டி செடியைக் குறுக்கிவிடுகிறது என்பதில் ஐயமில்லை.

அதற்காகக் கையளவு கன்றை வாளியளவு தொட்டியில் நடக்கூடாது. சிறிய வேர் எட்டாத மண் முழுவதும் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அந்த ஈரத்தில் வேரழுகல் பூஞ்சைகள் பெருகும். ஒரே படி மேலே போவதே பாதுகாப்பானது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொட்டியில் இருக்கும் செடியை 25 சென்டிமீட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். ஐந்து சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் உயரமும் அதே விகிதத்தில் கூடினால் கொள்ளளவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

எப்போது மாற்றலாம்?

செடியே சில அறிகுறிகளைக் காட்டும். அடி ஓட்டை வழியே வேர் வெளியே வருதல். ஊற்றிய தண்ணீர் மேலேயே தேங்கி நிற்றல். அல்லது ஊற்றிய நொடியே பக்கவாட்டில் ஓடி அடியில் கொட்டுதல். காலையில் ஊற்றியும் மாலைக்குள் வாடுதல். மாதக்கணக்கில் புதுத் துளிர் இல்லாமை. இவற்றில் இரண்டு இருந்தாலும் செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பார்த்துவிடுவது நல்லது. வெளிர் நிறத்தில் உறுதியாக இருந்தால் வேர் நலம். கறுத்து, குழைந்து, இழுத்தால் தோல் உரிந்து வந்தால் அழுகல். பொதுவாகப் பூச்செடிகளுக்கு ஒன்று இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், மர வகைகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டியிருக்கும்.

வெளிநாட்டு நூல்கள் வசந்தகாலத்தில் மாற்றச் சொல்கின்றன. நமக்கு வசந்தம் ஏது? அங்கே வசந்தத்தைச் சொல்வதற்குக் காரணம், செடி உறக்கம் கலைந்து துளிர்விடத் தயாராகும் நேரம் அது என்பதே. இங்கே அந்த நேரத்தைச் செடியிடம்தான் பார்க்க வேண்டும். பூத்து முடிந்து, புதுத் துளிர் முளைக்கத் தொடங்கும் வாரம் ஏற்றது. மொட்டும் பூவுமாக நிற்கும்போது வேண்டாம். வானத்தையும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையின் ஈரமான மாதங்களான டிசம்பர், ஜனவரியில் மேகமூட்டம் இருப்பதால் இலை இழக்கும் நீர் குறைவு. வேர் வெட்டுப்பட்ட செடிக்கு அது வசதி. பிப்ரவரி, மார்ச்சில் வரும் வறண்ட வாரங்களைத் தவிர்க்கலாம். வேர் அழுகிவிட்டதென்றால் மட்டும் நாள் பார்க்க வேண்டாம். உடனே மாற்றுங்கள்.

மாற்றும் முறை

முதல் நாளே செடிக்கு மிதமாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் மாலையில் வேலையைத் தொடங்கலாம். செய்தித்தாளைப் பரப்பிக்கொண்டால் கூட்டித் தள்ளும் வேலை குறையும்.

மண் கலவையை முதலில் தயார் செய்யுங்கள். மக்கு உரம் ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, கரடான பொருள் ஒரு பங்கு. கரடான பொருளுக்குப் பெர்லைட் அல்லது செடிக் கடைகளில் கிடைக்கும் சுட்ட மண் ஏற்றது. சுட்டதால் இறுகிய களிமண் கட்டிகள் எளிதில் கரையா. துளைகளைத் திறந்தே வைத்திருக்கும். தென்னை நார்த்தூளில் உப்பு இருக்கலாம் என்பதால் ஓரிரு முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். புளோக்கின் கீழ்த் தோட்டத்து மண்ணை அள்ளிவந்து தொட்டியில் நிரப்பாதீர்கள். நிலத்தில் மண்புழுவும் வேர்களும் அதைத் துளைத்துவைக்கும். தொட்டிக்குள் அது செங்கல்லாக இறுகும்.

தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, சுற்றிலும் தட்டி, அடித்தண்டைப் பிடித்து மெல்ல உருவுங்கள். வேர்க்கட்டின் வெளிப்புறத்தை விரலாலோ பழைய முள்கரண்டியாலோ கோதிவிடுங்கள். வட்டமடித்த வேர்களை வெட்டுங்கள். வெட்டினால் செடிக்கு வலிக்குமே என்று தயங்க வேண்டாம். வேர் நுனி இருக்கும்வரை அது பக்க வேர்களை அடக்கிவைக்கும். நுனி போனதும் வெட்டுக்குப் பின்னால் பல புது வேர்கள் கிளைக்கும். தண்ணீரும் சத்தும் பெரும்பாலும் இந்த இளம் மெல்லிய வேர்கள் வழியாகத்தான் நுழைகின்றன. கறுத்து அழுகியவற்றை முற்றாக நீக்குங்கள். கத்தரிக்கோலைச் சாராயக் கிருமிநாசினியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

அதே தொட்டியில் மீண்டும் நடுவதானால் வேர்க்கட்டின் பக்கங்களில் இரண்டு விரல் கனமும் அடியில் கால் பங்கும் சீவிவிடலாம். அப்போது மேலேயும் அதற்கேற்பக் கிளைகளைக் கத்தரிக்க வேண்டும். குடிக்கும் வாய்கள் குறையும்போது நீரை இழக்கும் இலைகளும் குறைய வேண்டும் என்பதுதான் கணக்கு.

புது மண்ணைப் போட்டு, தண்டு முன்பிருந்த அதே ஆழத்தில் நடுங்கள். தண்டை மண்ணில் புதைத்தால் பட்டை அழுகும். மண்ணைக் கையால் அழுத்தி இறுக்காதீர்கள்; தொட்டியை இரண்டு முறை தரையில் தட்டினாலே போதும். விளிம்பிலிருந்து இரண்டு விரல் இடம் விட்டு, அடியில் வழியும்வரை ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு இரண்டு வாரம் நேரடி வெயில் படாத இடத்தில் வையுங்கள். குறைந்தது மூன்று நான்கு வாரங்களுக்கு உரம் கூடாது.

செடிக்குச் செடி வேறு

கறிவேப்பிலையின் வேரிலிருந்து பக்கக் கன்றுகள் முளைக்கும். தொட்டி மாற்றும்போது அவற்றை வேரோடு பிரித்துத் தனியே நடலாம். அண்டைவீட்டாருக்குக் கொடுக்க இதைவிட நல்ல பரிசு கிடையாது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பம். பறவை எச்சம்போல் தோன்றும் புழு இலையைத் தின்பதைக் கண்டால், அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழுவாக இருக்கலாம். பெரிய செடி என்றால் அதற்கும் நாலு இலை விட்டுக்கொடுக்கலாம்.

எலுமிச்சை வகைகளின் புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து எட்டவில்லை என்று பொருள். மாறாக, பழைய இலைகள் முழுதாக மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. தழைச்சத்து செடிக்குள் நகரக்கூடியது. பற்றாக்குறை வந்தால் செடி முதிய இலையிலிருந்து எடுத்து இளைய இலைக்குக் கொடுக்கும். இரும்பு அப்படி எளிதில் நகராது. இரண்டுமே வேர் கெட்டதாலும் வரலாம் என்பதை மறக்க வேண்டாம். முட்டை ஓடு சுண்ணாம்புச் சத்து. மிக மெதுவாகவே கரையும். இரும்புப் பற்றாக்குறைக்கு அது மருந்தல்ல. அரிசி கழுவிய நீர் எப்போதாவது ஊற்றினால் தீங்கில்லை. தினமும் ஊற்றினால் அதன் மாவு மண்ணில் புளித்துச் சிறு ஈக்களை வரவழைக்கும்.

மல்லிகை புதுக் கிளைகளில்தான் பூக்கும். ஒவ்வொரு பூப்புக்குப் பிறகும் நுனிகளைக் கத்தரித்துவிடுங்கள். வெயில் குறைந்த தாழ்வாரத்தில் எவ்வளவு உரம் போட்டாலும் அது இலையாக மட்டும் வளரும்.

காகிதப்பூவுக்குத் தொட்டி வாழ்வின் சிறந்த பாடம் நம் சாலைகளிலேயே இருக்கிறது. பாதசாரி மேம்பாலங்களின் இருபுறமும் குறுகிய தொட்டிகளில் அது கொத்துக் கொத்தாகத் தொங்குவதைத் தினமும் பார்க்கிறோம். மண் குறைவு, வெயில் அதிகம், அவ்வப்போது வறட்சி. அந்த நெருக்கடியில்தான் அது பூத்துக் குலுங்குகிறது. நாம் இதழ் என்று நினைக்கும் வண்ணப் பகுதி உண்மையில் நிறம் மாறிய இலை; நடுவில் இருக்கும் சிறு வெள்ளைக் குழலே பூ. வீட்டில் அதைச் சொகுசாக வைத்து, தினமும் நீரும் தழைச்சத்தும் கொடுத்தால் பச்சையாக நீளுமே தவிரப் பூக்காது. அதன் வேர் எளிதில் முறியும் என்பதால் தொட்டி மாற்றும்போது வேர்க்கட்டைக் கலைக்காமல் அப்படியே தூக்கி வையுங்கள்.

அடீனியம் தடித்த அடியில் நீரைச் சேமிக்கும் பாலைச் செடி. வேரை வெட்டினால் சில நாள் நிழலில் உலரவிட்டுப் பிறகு நடுங்கள். நட்டதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதன் பால் நச்சுள்ளது. கையுறை அணிந்துகொள்ளுங்கள், பிள்ளைகளை விலக்கி வையுங்கள்.

உங்கள் தாழ்வாரம் எந்தத் திசை?

தொட்டி மாற்றிய செடியை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு சிறு வானியல் உதவும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் இருக்கிறது. அதனால் மார்ச் மாதக் கடைசி வாரம் முதல் செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மீதி மாதங்களில் தெற்கே. வடக்கு நோக்கிய தாழ்வாரத்தில் ஆண்டின் ஒரு பாதியில் வெயில் எட்டிப் பார்க்கும், மறு பாதியில் பாராது. தெற்கு நோக்கியதில் இதற்கு நேர்மாறு. சென்ற மாதம்வரை பூத்த செம்பருத்தி திடீரென்று மொட்டே விடவில்லையென்றால், குறை உரத்தில் இல்லாமல் சூரியனின் இடப்பெயர்ச்சியில் இருக்கலாம். கிழக்கு நோக்கிய தாழ்வாரத்தின் இளவெயில் பெரும்பாலான பூச்செடிகளுக்கு ஏற்றது. மேற்கு வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி சூடேறி வேரை வாட்டும்; அங்கே மண் தொட்டியோ வெளிர்நிறத் தொட்டியோ நல்லது.

வெயில் குறையும் பருவத்தில் செடி குடிப்பதும் குறையும். எனவே “தினமும் ஒரு குவளை” என்று கணக்கு வைக்காதீர்கள். விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டியைச் சற்றே தூக்கிப் பார்த்தாலும் தெரியும். காய்ந்த தொட்டி வியக்கத்தக்க அளவு இலேசாக இருக்கும். ஊற்றும்போது அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். வடியும் நீர் தேங்கிய உப்பையும் கழுவிச் செல்லும், புதுக் காற்றையும் பின்னால் இழுத்துவரும். ஆனால் கீழ்வீட்டுத் துணியில் சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; முடிந்தால் குளியலறைக்குத் தூக்கிச் சென்று செய்யுங்கள்.

கொசுவுக்கும் இதே அறிவியல்

சிங்கப்பூரில் 2020ல் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. தொட்டி வளர்ப்பவர்களுக்கு இதில் பொறுப்பு உண்டு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். காய்ந்த தட்டில் ஒட்டிய முட்டைகள் பல மாதம் உயிரோடு இருக்கும். அதனால் தட்டுத் தண்ணீரைக் கொட்டுவதோடு நிறுத்தாமல் தேய்த்தும் கழுவ வேண்டும்.

தேசியச் சுற்றுப்புற வாரியம் வீடுகளுக்குச் சொல்லும் டெங்கித் தடுப்பு நடவடிக்கைகளில் தொட்டியின் இறுகிய மண்ணைக் கிளறுவதும் தட்டு நீரை அகற்றுவதும் அடங்கும். இறுகிய மண்ணின் மேல் தேங்கும் நீரில் கொசு முட்டையிடும். அதே நீர் வேரின் காற்றையும் அடைக்கும். தட்டில் நிற்கும் நீர் கொசுவை வளர்க்கும். அடி ஓட்டை வழியே மேலேறிச் சேற்றுப் படலத்தையும் காயவிடாது. செடிக்கு நல்லது செய்தால் அண்டைவீட்டாருக்கும் நல்லது செய்ததாகிறது.

இன்னொரு கடமையும் உண்டு. தாழ்வாரத்தில் தீ, அவசர காலங்களில் மக்கள் வெளியேற 1.2 மீட்டர் அகல வழி விட்டிருக்க வேண்டும். ஈரமண் நிறைந்த 20 லிட்டர் தொட்டி 20 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அத்தகைய தொட்டி கைப்பிடிச் சுவரின்மேல் எந்நாளும் இருக்கக்கூடாது. மரம் தாழ்வாரத்தை மீறி வளர்ந்தால் வேரையும் கிளையையும் சீவிக் கட்டுக்குள் வைக்கலாம், அல்லது அக்கம்பக்கத்துச் சமூகத் தோட்டத்தில் இடம் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

பாட்டியின் மரம்

தெம்பனிஸ் என்ற பெயரே ஒரு மரத்திலிருந்து வந்தது. ஒருகாலத்தில் இந்த வட்டாரத்தில் வளர்ந்த, வைரம் பாய்ந்த தெம்பினிஸ் மரம். அந்த மரங்களுக்கு யாரும் தொட்டி மாற்றவில்லை. உதிர்ந்த இலை மண்ணானது, மண்புழு துளையிட்டது, வேர் விரும்பிய திசையில் ஓடியது. தொட்டியில் வைத்த மரத்துக்கு அந்தக் காட்டின் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

பாட்டியின் கறிவேப்பிலையை ஒரு சனிக்கிழமை மாலை உருவினோம். வேரில் பாதி அழுகியிருந்தது. வெட்டி, கழுவி, புது மண்ணில் அதே தொட்டியில் நட்டு, கிளைகளைப் பாதியாகக் குறைத்தோம். இரண்டாம் வாரத்தில் மிச்சமிருந்த இலையும் கொட்டிவிட்டது. “போயிடுச்சாம்மா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நகத்தால் பட்டையைச் சற்றே சுரண்டிக் காட்டினேன். உள்ளே பச்சை இருந்தது. பச்சை இருக்கும்வரை உயிர் இருக்கிறது.

வாளியைத் தூக்காமல் காத்திருப்பதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. தினமும் காலையில் விரலை மண்ணில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார். ஆறாம் வாரம் வெட்டிய கிளையின் ஓரத்தில் கடுகளவு துளிர் தெரிந்தது. இப்போது மீண்டும் அந்த மாடியில் ரசத்துக்குக் கறிவேப்பிலை கிடைக்கிறது. பக்கக் கன்று ஒன்று என் வீட்டு வாசலிலும் நிற்கிறது.